மேயாமல் நிற்கும் வாத்து

பறவையும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிய காலம். எந்த ராஜா ஆண்டான் என்று கேட்காதீர்கள். ராஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பட்டைத்தலை வாத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்தலையில் இரண்டு கருப்புப் பட்டை. வீட்டு வாத்தைவிடப் பெரியது. வடக்கே பனிமலைக்கு அப்பால் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் இறுகியதும் மலையைத் தாண்டி நம் பக்கத்துக் குளங்களுக்கு வரும். பங்குனி வெயில் ஏறியதும் திரும்பிவிடும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மாறியது வேறு.

அன்றைக்கு வாத்து நடுப்பகலில் மேயும். வரப்போரமாக மேயும். மரநிழல் விழும் இடத்தில் மேயும். வீட்டுக்குப் பின்னால் வரைக்கும் வந்து மேயும். கூட்டத்தில் ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்காது. அத்தனை தலையும் மண்ணில் இருக்கும்.

அதற்குப் பதிலாக மனிதன் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் காரணம்.

வயல்காரனுக்குக் கோரையைப்போல ஒரு எதிரி கிடையாது. மேலே அறுத்தால் கீழே கிழங்கிலிருந்து முளைக்கும். கிழங்கைப் பிடுங்கினால் நூல் மாதிரி வேர் அறுந்து அடுத்த கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். உழுதால் இன்னும் பரவும். ஆனால் வாத்துக்குக் கோரைக்கிழங்கு என்றால் உயிர். அலகை மண்ணுக்குள் செருகி, ஒன்று விடாமல் தேடி எடுத்துத் தின்னும். மலை தாண்டி இளைத்து வந்த உடம்பு அந்தக் கிழங்கில்தான் தேறும்.

மண்ணுக்குள் அலகை விட்ட வாத்துக்கு நரி வருவது தெரியாது. மேலே ராஜாளி சுற்றுவது தெரியாது. அதனால் இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்டார்கள். எவன் வயலில் வாத்து இறங்குகிறதோ அவன் வரப்பில் நிற்க வேண்டும். நின்று "நான் நிக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் வாத்து குனியும். வரப்பை விட்டு இறங்கும் முன் "போறேன்" என்று சொல்ல வேண்டும். உடனே எல்லாத் தலையும் நிமிர்ந்துவிடும். அவ்வளவுதான் ஒப்பந்தம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றும்படி ஒரு நெருக்கடி வரவில்லை.

வானம் பார்த்த பூமியில் ஓர் ஊர். ஒரு பக்கம் குளம். குளத்துக்கு அடுத்த வயல் மாசானத்தினுடையது. அவன் வரப்பில் முள்ளடர்ந்த உடைமரங்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து வயல் கொம்பையாவினுடையது. கொம்பையா, மாசானத்தின் மனைவி உலகம்மைக்கு அண்ணன். ஆகவே இவனுக்கு அவன் மச்சான், அவனுக்கு இவன் மாப்பிள்ளை. மாசானத்துக்கும் உலகம்மைக்கும் ஒரே பிள்ளை. தவழ்கிற வயசு. குட்டியம்மை என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் குளத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிழட்டுப் பெட்டை. சாம்பலி என்று பெயர். அதன் ஜோடி அதிகம் பேசாது. சாம்பலி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசும். மாசானம் அவளை அக்கா என்பான். ஜோடியை அத்தான் என்பான்.

"என்ன அக்கா, போன தடவைக்கு இந்தத் தடவை உடம்பு வச்சிருக்கு?"

"எல்லாம் உன் வயக்காட்டுக் கோரைதான். நீ நெல்லா வெளைவிக்கே? கோரை வளக்கே."

"அத்தான் ஒண்ணும் சொல்லலயே?"

"அவரு சொல்லணும்னா நான் மூச்சு வாங்கணும்லா."

இப்படித்தான் வருடா வருடம்.

பிறகு ஒரு வருடம் மழை பெய்யவில்லை. அதற்கு முந்தின வருடமும் பாதி மழைதான். ஆகவே வீட்டில் விதைநெல்லைத் தவிர வேறு தானியம் இல்லை.

மழையை நம்பிய ஊர்களில் விதைப்பு எப்படி என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு புரியும். ஆவணிக் கடைசியில் காய்ந்த மண்ணை உழுது, புழுதியிலேயே நெல்லை வீசி, மூடிவிடுவார்கள். மழை விழுந்த அன்று அது முளைக்க ஆரம்பிக்கும். அதுவரை மண்ணுக்குள் கிடக்கும். விதைத்து மூடிய புழுதியை மழைக்கு முன்னால் வயல்காரன் கிளறிப் பார்க்கக் கூடாது. ஊர்க்கட்டு. கிளறினால் விதை கோபித்துக்கொண்டு முளைக்காது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நிஜக் காரணம் வேறு. பசித்தவன் விதைத்ததையே பொறுக்கித் தின்றுவிடக் கூடாது. கட்டை மீறினவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

விதைக்கிற அன்று காலையில் மாசானம் ஏர் பூட்டப் போயிருந்தான். விதைக்கூடை வீட்டில் இருந்தது. பிள்ளை அழுதது. பாலும் வற்றிவிட்டது. உலகம்மை கூடையில் கைவிட்டு நெல்லை அள்ளினாள். மறுபடியும் அள்ளினாள். குத்திக் கஞ்சி வைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. விதையைத் தின்கிறது அந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். அவளைத் திட்ட வேண்டாம். உங்கள் பிள்ளை அப்படி அழுது நீங்கள் கேட்டதில்லை.

மாசானம் விதைத்துக்கொண்டே போனான். குளத்தோரக் கடைசித் துண்டுக்கு வரும்போது கூடை காலி. கை தாராளமாகப் போய்விட்டது என்று நினைத்தான். கூடையில் ஒட்டியிருந்ததைத் தட்டி வீசிவிட்டு மண்ணை மூடினான். அந்தத் துண்டில் நெல்லே இல்லை என்று சொல்லலாம்.

புரட்டாசி காய்ந்தது. ஐப்பசி காய்ந்தது. கார்த்திகையும் பாதி போயிற்று. விதை புழுதியில் கிடந்தது. குளத்தில் நடுவே ஒரு கலங்கல் குட்டை மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் வாத்துக்கூட்டம் வந்து இறங்கியது.

எலும்பும் சிறகுமாக வந்தன. வழியில் எந்தக் குளத்திலும் தண்ணீர் இல்லை. குளக்கரையில் ஒரு புல் இல்லை. மற்ற வருடங்களில் தை அறுப்பு முடிகிறவரை கரையில் மேய்ந்துவிட்டு, அறுத்த தாளுக்குள்தான் இறங்கும். இந்த வருடம் கரையில் மேய ஒன்றும் இல்லை.

சாம்பலி நடந்தே மாசானம் வயலுக்கு வந்தாள். வரப்பில் கொம்பையாவும் இருந்தான். இன்னும் சிலரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, வயலுக்குள்ள கோரைக்கிழங்கு கிடக்கு. எங்களுக்கு அத விட்டா வேற இல்ல. இறங்கட்டுமா?" என்றாள்.

"விதை கிடக்கே அக்கா" என்றான் மாசானம்.

"விதையத் தொட மாட்டோம்."

கொம்பையா சிரித்தான். "பசிச்ச வாயி நெல்ல ஒதுக்கி வச்சுட்டு கோரையத் திங்குமாம். கேட்டுக்கிடுங்க."

"உன் வாய் அப்படி. எங்க வாய வச்சுப் பேசாத" என்றாள் சாம்பலி.

"நாமளே கிளறக் கூடாதுன்னு கட்டு இருக்கு. வாத்து கிளறலாமா?" என்றான் இன்னொருவன்.

மாசானம் யோசித்தான். மழைக்கு முன்னால் கோரை போய்விட்டால் பயிர் தப்பிக்கும். அந்த வருடம் களை பிடுங்க அவன் உடம்பில் தெம்பு இல்லை. கண்ணெதிரே அக்காவின் நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது.

"கட்டு மனுசனுக்குத்தான். பன்னி வந்து கிளறினா அதுக்கு அபராதமா போடுவே?" என்றான். "இறங்குங்க அக்கா. நான் நிக்கேன்."

கூட்டம் இறங்கியது. தலைகள் குனிந்தன.

மாசானம் தினமும் நின்றான். வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். வாத்துகளில் முக்கால்வாசி அவன் நிற்கும் குளத்தோர வரப்பை ஒட்டியே மேய்ந்தன, மற்றவை நடுவயல்வரை போயின. காவல் பக்கத்தில் இருப்பது நல்லது என்று அவற்றின் கணக்கு. அலகால் மண்ணைப் புரட்டிப் புரட்டி, கிழங்கை எடுத்தன. மேலே கிடந்த புழுதி கீழே போயிற்று. கீழே இருந்தது மேலே வந்தது. நடுவயலில் விதை இன்னும் ஆழத்துக்கு நழுவியது. வாத்துகள் தேறின. கழுத்து பளபளத்தது.

மனிதர்கள் தேறவில்லை. அதுதான் கண்ணை உறுத்தியது.

"மாப்ள, உன் வீட்டு விருந்தாளிங்க நல்லாக் கொழுத்துட்டாங்களே" என்றான் கொம்பையா. "எம் மருமவளப் பாரு, காஞ்ச ஓணான் கணக்கா கிடக்கா. கோரையத் தின்னா இப்படிக் கொழுப்பு ஏறுமா? எனக்குத் தெரிஞ்சு நெல்லத் தின்னாதான் ஏறும்."

"வாக்குக் குடுத்திருக்கு மச்சான்."

"வாக்கு. சரி. வாக்கக் கரைச்சுக் குடி."

அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் விடிந்ததும், வயலில் ஆள் இறங்கும் முன் மாசானம் போனான். குளத்தோரத் துண்டில் குந்தினான். விரலால் புழுதியைக் கிளறினான். நெல் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிளறினான். இல்லை. யாரோ வரும் சத்தம் கேட்டு மண்ணைத் தட்டி மூடிவிட்டு எழுந்தான். நடுவயலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போனால் வருகிறவன் கண்ணில் பட்டுவிடுவான். கட்டை மீறியது ஊருக்குத் தெரிந்துவிடும்.

சாம்பலி வந்ததும் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிக்கக் கூடாது. விதையத் தின்னுட்டியளா?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "எங்க பாத்தே?"

"எங்கயும் பாக்கல."

"பாக்காம எப்படிக் கேக்கே?"

அவன் புழுதி ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தான்.

"தொடலன்னா தொடல" என்றாள் சாம்பலி. "எங்க கூட்டத்துல சின்னது ஒண்ணு, தெரியாம ஒரு நெல்லக் கொத்திருச்சு. நானே மண்டையில போட்டேன். துப்பிருச்சு. வேணும்னா கூப்பிடுதேன், கேளு."

அவள் நேர்மையாகத்தான் சொன்னாள். அவன் காதில் விழுந்தது வேறு. கொத்துகின்றன. அப்படியானால் தின்கின்றன.

வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் சொன்னான். "விதை போச்சு. கிளறிப் பாத்தேன். ஒரு மணி இல்ல. வெளிய சொல்லாத."

"எந்தப் பக்கம் பாத்தீங்க?"

"குளத்தோரம். கடைசித் துண்டு."

உலகம்மைக்கு விளங்கிவிட்டது. கூடை அங்கேதான் காலியாகியிருக்கும். வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அந்தக் கஞ்சியில் உயிரோடு கிடக்கும் பிள்ளை.

"அடுப்புல தண்ணி வச்சிருக்கேன்" என்று எழுந்து போனாள். அடுப்பு எரியவே இல்லை.

அவள் அங்கே பேசியிருந்தால் இந்தக் கதை இல்லை.

கொம்பையாவின் களத்தில் ஆண்கள் கூடினார்கள். மாசானம் விதை போய்விட்டது என்றான்.

"கிளறினியா?" என்று ஒருவன் கேட்டான்.

"கிளறல. தெரியுது."

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க விருப்பமும் இல்லை. மாசானத்தின் குரலை நம்பி எல்லார் வயலிலும் வாத்து இறங்கியிருந்தது. எல்லாரும் அவரவர் விதை போயிற்று என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கொம்பையா சொன்னான். "நம்ம விதை வாத்து வயித்துல இருக்கு. வாத்து நம்ம வயித்துக்கு வந்தா, விதை வீட்டுக்கு வந்த மாதிரித்தானே?"

சிரித்தார்கள். அந்த ஊரில் சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சிரிப்பு அடங்கியபோது முடிவாகிவிட்டது.

"ஒரு சங்கதி" என்றான் கொம்பையா. "மாப்ள குரல் குடுத்தாத்தான் அதுங்க குனியும். குனிஞ்சாத்தான் வலை விழும்."

மாசானம் தரையைப் பார்த்தான். "நான் நிக்கேன்னு சொல்லிட்டு எப்படி மச்சான்..."

"நீ நிக்கத்தானே போறே? அதுல பொய் என்ன இருக்கு? நீ கையத் தூக்க வேணாம். அடிக்கிறது நாங்க."

இது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பசித்தவனுக்கு இவ்வளவு நியாயம் போதும்.

மறுநாள் உச்சிவெயில். உடைமரங்களுக்குப் பின்னால், வரப்புச் சரிவில், ஆண்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். கையில் தடி. மீன் பிடிக்கிற வலைகளை ஒன்றோடொன்று தைத்து மரத்தடியில் சுருட்டி வைத்திருந்தார்கள். மாசானம் வழக்கமான இடத்தில் நின்றான்.

வாத்துகள் குளத்திலிருந்து வரிசையாக நடந்து வந்தன. வரப்போரமாக வந்து நின்றன. சாம்பலி அவன் காலடிக்கு வந்தாள்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"இருக்கா."

"கோரைக்கிழங்க அவிச்சுக் குடுத்துப் பாத்தியா?"

"கசக்குதுன்னு துப்புதா."

"கருத்தது கசக்கும். உள்ளே வெள்ளையா சிலது இருக்கும், இனிக்கும். இன்னிக்கு அப்படி ஆம்புட்டா ஒதுக்கி வைக்கேன். போறப்ப எடுத்துட்டுப் போ."

கூட்டம் காத்திருந்தது. நிமிர்ந்த கழுத்துகள். அவன் சொல்லும்வரை குனியாது. சரிவிலிருந்து கொம்பையா ஒரு மண்கட்டியை அவன் குதிகாலில் எறிந்தான்.

"நான் நிக்கேன்" என்றான் மாசானம்.

அத்தனை தலையும் மண்ணுக்குப் போயிற்று. சாம்பலி மட்டும் குனியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?"

அவன் முகத்தைத் திருப்பினான். உடைமரத்துப் பக்கம் திரும்பிவிட்டது முகம். அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்த கை தெரிந்தது.

அவள் போட்ட சத்தம் ஊருக்குள் கேட்டது. அதற்குள் வலை விழுந்துவிட்டது.

வாத்து பெரிய பறவை. நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. நாலடி ஓடித்தான் சிறகு விரிக்கும். ஒரு பக்கம் வரப்பு. ஒரு பக்கம் மரம். ஓட இடமில்லை. தடிகள் இறங்கின. சாம்பலியின் ஜோடி வலைக்குள் கிடந்தது. சாம்பலி வலையை அலகால் இழுத்தாள். பேசாத அந்தப் பறவை ஒரே ஒரு சொல் சொன்னது. "போ."

கொம்பையாவின் தடி அதன் தலையில் விழுந்த பிறகுதான் சாம்பலி பறந்தாள். வயலின் நடுப்பக்கம் ஒதுங்கியிருந்த சிலதுகளும் அவள் பின்னால் எழும்பின. மற்றதெல்லாம் கிடந்தன.

மாசானம் கடைசிவரை வரப்பில் நின்றான். நிற்பேன் என்றான், நின்றான்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வீடு இறகு பறந்தது. முற்றத்தில் உட்கார்ந்து உலகம்மை வாத்தை அறுத்தாள். அவளுக்கு வந்தது சாம்பலியின் ஜோடி. இரைப்பையைக் கீறினாள். உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கோரைக்கிழங்கு. பொடிக்கல். மறுபடி கோரைக்கிழங்கு. நெல் இல்லை. ஒரு உமிகூட இல்லை.

கறியைச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி அறுத்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் கோரைதான். அடுத்த வீட்டிலும் கோரைதான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெல்லு முன்னாடியே செமிச்சிருக்கும்" என்றான் கொம்பையா. அவனைப் பார்த்து யாரும் தலையாட்டவில்லை.

உலகம்மை திரும்பி வந்தாள். மாசானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த கிழங்குகளை அவன் முன்னால் போட்டாள்.

"விதைய எடுத்தது நான்" என்றாள். "நீங்க விதைக்கப் போன அன்னிக்குக் காலையில. கஞ்சி வச்சுப் பிள்ளைக்கு ஊட்டினேன். கடைசித் துண்டுக்கு விதை இருந்திருக்காது."

அவன் ஒரு கிழங்கை எடுத்து உருட்டிப் பார்த்தான். "நேத்தே ஏன் சொல்லல?"

"பயந்தேன்."

கையை ஓங்கினான். அவள் விலகவில்லை. அடுப்பில் சட்டி கொதிக்க ஆரம்பித்தது. வாசனை வந்தது. மூலையில் சுருண்டு கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி, அடுப்பை நோக்கித் தவழ்ந்தது. நாள்கணக்கில் அசையாமல் கிடந்த பிள்ளை. மாசானம் கையை இறக்கினான்.

தின்றார்கள். அழுதுகொண்டே தின்றார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. எலும்பை உறிஞ்சித் தின்றார்கள். குட்டியம்மை பிழைத்தாள். அதையும் மறைப்பதற்கில்லை. அந்தக் கறி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை.

அந்த வாரமே மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து குளம் பாதி நிறைந்தது. வயல் முளைத்தது. எல்லார் வயலும் முளைத்தது. நடுவயலில் ஆழத்தில் கிடந்த நெல் கொஞ்சம் தாமதமாக, ஆனால் அடர்த்தியாக, பச்சைக் கம்பளம் மாதிரி வந்தது. மாசானத்தின் வயலில் குளத்தோரத் துண்டு மட்டும் வழித்துவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது. வரப்பில் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதையும் நிறுத்தவில்லை. எல்லார் வீட்டுக் குப்பையிலும் இறகு கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் சாம்பலி வந்தாள். தனியாக வந்தாள். ஊரைச் சுற்றிச் சுற்றிப் பறந்து தேடிவிட்டுக் குளத்தின் நட்டநடுவில் இறங்கினாள். மாசானம் கரைக்கு ஓடினான்.

"அக்கா!"

அவள் திரும்பினாள். கரைக்கு வரவில்லை.

"விதை முளைச்சிருச்சு அக்கா. நீங்க தொடல."

"தெரியும்."

"தப்பு எம்மேலதான். நீ கரைக்கு வா. கூட்டத்தையும் கூட்டிட்டு வா. இனி ஒருநாளும்..."

"எங்க ஆளு எலும்ப எங்க போட்டே?" என்று கேட்டாள் சாம்பலி.

மாசானத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "குப்பைக்குழியில" என்றான்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சிறகை விரித்தாள். வாத்து மனிதனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இப்போது வானத்தில் போகும்போது ஏதோ சத்தம் போடுகிறதே, அது அவைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. நமக்கு இல்லை.

தை வந்தது. பயிரோடு கோரையும் வந்தது. தின்ன ஆளில்லாமல் நெல்லுக்கு மேல் வளர்ந்தது. ஆணும் பெண்ணும் முழங்கால் போட்டுப் பிடுங்கினார்கள். பிடுங்கப் பிடுங்க வந்தது. அந்த வருடம் விளைச்சல் கால்வாசிதான் கண்டது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. வாத்து வரும் என்று மார்கழி முழுக்கக் குளத்தைப் பார்த்தார்கள். மேலே கூட்டம் போயிற்று. இறங்கவில்லை. குட்டியம்மை வளர்ந்து, நடை பழகியதிலிருந்து கோரை பிடுங்கினாள். அவள் கல்யாணத்துக்கு முன்பே ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கொம்பையாதான் முதலில் ஊரைவிட்டுப் போனான். மாசானம் போகவில்லை. அவன் வயலில் நெல் இல்லாமல், கோரை மட்டும் இடுப்புயரம் நின்றது.

சாம்பலி மிச்சமிருந்த கூட்டத்தோடு வேறு குளங்களுக்குப் போனாள். போன இடத்தில் எல்லாம் தன் இனத்துக்குச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது நமக்குத் தெரியாது. செய்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பட்டைத்தலை வாத்து வெயில் ஏறும் முன்னும் வெயில் தாழ்ந்த பின்னும் வயலுக்கு வரத் தொடங்கியது. பகல் முழுக்கத் தண்ணீரின் நடுவில் கிடக்கிறது. கரை முழுக்க மரம் அடைந்த குளமென்றால் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் தாண்டிப் போய்விடுகிறது. கரை வெறிச்சோடிய குளமாகப் பார்த்து இறங்குகிறது. வயலிலும் அப்படித்தான். வரப்போரம் எவ்வளவு கதிர் உதிர்ந்து கிடந்தாலும் தொடாது. நாலாப்பக்கமும் பார்வை ஓடும் நடுவயலில்தான் மேய்கிறது. கூட்டம் மேயும்போது ஒன்று மட்டும் மேயாமல், கழுத்தைக் கம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. அது அலுத்துப்போய்க் குனியும் முன் இன்னொன்று நிமிர்கிறது. யாராவது ஒருவர் பசியோடு நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

நம்பாவிட்டால் தை மாசம் போய்ப் பாருங்கள். வரப்பில் நீங்கள் நடந்து போய்க்கொண்டே இருந்தால் வாத்து பொறுத்துக்கொள்ளும். ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மேயும். நீங்கள் ஒரு இடத்தில் நின்றுவிட்டால், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விடும்.